பையிலேயே இருந்த ரேம்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனிடம் யாரும் நல்ல சேதியோடு வருவதில்லை. தொழில் அப்படி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருகிற அத்தனை பேரும் ஒரு பொய்யையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார்கள். "ஒண்ணுமே பண்ணலை சார், தானா நின்னுபோச்சு" என்பார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே டீ கொட்டிக் காய்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல் நாகல் நகரில் கடை வைத்திருக்கிறேன். பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பொய் சொன்னவன் நான்தான்.

என் பெயர் மணிமாறன். வயது நாற்பத்தொன்பது. கடைக்கு மேலேயே ஒரு ரூமில் இருக்கிறேன். மனைவி சுகன்யா வடமதுரையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. நான் வீட்டில் பேசாமல் இருந்தேன், அவளும் பேசுவதை நிறுத்தினாள், ஒருநாள் பை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தை ஆறு வருஷமாக இரண்டு பேருமே கடக்கவில்லை.

ராயப்பராஜ் சாரின் வீடு மேட்டுப்பட்டியில், சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருக்கிறது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பேங்கில் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி புஷ்பமேரி இறந்து மூன்று வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. தானே சமைப்பார், தானே துவைப்பார். அந்த வீட்டில் பகலானாலும் ராத்திரியானாலும் விளக்கு எரியாது. நான் போனால் மட்டும், "ஸ்விட்ச்சு கதவுக்கு வலப்பக்கம் இருக்கு, உங்களுக்கு வேணும்ல" என்பார்.

அவருடைய கம்ப்யூட்டர் பேசும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. காலையில் பேப்பர் வாசிக்கும், அப்புறம் புத்தகம் வாசிக்கும், வருகிற கடிதங்களை வாசிக்கும். தமிழைக் கொஞ்சம் கடித்துக் கடித்துத்தான் பேசும், ஆனால் சாருக்கு அது பழகிவிட்டது. புஷ்பமேரி அம்மா இருந்தவரை அவர்தான் வாசித்துக் காட்டுவாராம். இப்போது அந்த வீட்டில் கேட்கிற ஒரே பேச்சு அந்த மெஷினுடையதுதான்.

போன வருஷம் கார்த்திகையில்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார். மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது என்றார். "ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்குது தம்பி." பார்த்தேன், ரேம் பற்றவில்லை. ரேம் என்பது மெஷின் வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசை மாதிரி. மேசை சின்னதென்றால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க வேண்டும். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை, அதில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், அவ்வளவுதான். அவர் மெஷினில் ஒன்று இருந்தது, பக்கத்துக் குழி காலியாகக் கிடந்தது. என் கடை டிராயரில் பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய ரேம் நாலைந்து கிடக்கும். கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் போய்ச் செருகினேன். மெஷின் கடகடவென்று பேச ஆரம்பித்தது. சார் கை தட்டாத குறைதான்.

இரண்டு ரேம் போட்டால் இரண்டும் ஒரே வேகம், ஒரே வகை என்று பார்த்துப் போட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம் அது. அன்றைக்கு எனக்குச் சோம்பல். செருகியதும் ஓடியதால் விட்டுவிட்டேன்.

மார்கழி பிறந்து குளிர் இறங்கியதும் ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, மெஷின் பேசலை. கூவுது. கேளுங்க" என்று போனை மெஷின் பக்கத்தில் வைத்தார். நீளமாக ஒரு பீப் கேட்டது. கொஞ்சம் நின்று மறுபடி நீளமாக ஒன்று.

"நாலு எண்ணுற நேரம் கூவுது, ரெண்டு எண்ணுற நேரம் நிக்குது. பத்து தரம் எண்ணிட்டேன், மாறவே இல்லை" என்றார்.

இம்புட்டுத் துல்லியமாக ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துப்போனது. "ரேம் சார், வாரேன்" என்று கிளம்பினேன்.

போய் இரண்டு ரேமையும் கழற்றினேன். ரேமின் அடியில் தங்க நிறத்தில் கோடு கோடாக இருக்கும். அதில் அழுக்குப் படிந்தால் மெஷின் ஏறாது. பென்சில் ரப்பரை வைத்துத் தேய்த்துச் செருகினால் பாதி மெஷின்கள் எழுந்துவிடும். எங்கள் ஊரில் எல்லா ரிப்பேர்காரன் பையிலும் ஒரு ரப்பர் இருக்கும். நான் தேய்த்ததும் சார் மூக்கை உயர்த்தினார்.

"என்ன தம்பி, பள்ளிக்கூட வாசம் அடிக்குது?"

சொன்னேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கையில் கொடுத்தேன். விரல் நுனியால் அந்தக் கோடுகளைத் தடவினார், குழியைத் தடவினார், இரண்டு ஓரத்திலும் இருக்கிற கொக்கியைத் தள்ளிப் பார்த்தார். கரண்டைப் பிடுங்காமல் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். செருகினேன். மெஷின் ஏறிவிட்டது.

கிளம்பும்போது கேட்டார். "சாப்டீங்களா?"

"சாப்டேன் சார்."

"குரல்ல சாப்ட மாதிரி தெரியலையே. உக்காருங்க. தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் பெருசா இல்லை. செத்த நேரத்துல தோசை ஊத்திருவேன்."

என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கடையில் "பார்சலா, இங்கயா?" என்று கேட்பார்கள், அது வேறு. அவர் தோசை ஊற்றுகிற சத்தத்தை வைத்தே திருப்பிப் போட்டார். நான் நாலு தோசை சாப்பிட்டேன். ஐந்தாவது வேண்டாம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

பத்து நாளில் மறுபடி கூவல். இந்த முறை எனக்குச் சந்தேகம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அவருடைய பழைய ரேமில் ஒரு பக்கம்தான் சில்லு இருந்தது, நான் போட்டதில் இரண்டு பக்கமும் இருந்தது. வேகமும் வேறு, வகையும் வேறு. மெஷின் சூடாக இருக்கிறவரை இரண்டும் எப்படியோ ஒத்துப்போகும். அணைத்துப்போட்டுக் குளிர்ந்துவிட்டால், சில நாள் காலையில் மெஷினால் இரண்டையும் சமாளிக்க முடியாமல் கூவும். நான் தேய்த்துச் செருகியதால் அது எழவில்லை, இரண்டு மூன்று முறை போட்டு அணைத்ததில் சூடேறித்தான் எழுந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கு அதை அவரிடம் சொல்லவில்லை. சரியான ரேமை வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஆர்டர் போட்டேன். தை மாதம் மூன்றாம் தேதி வெள்ளி நிற உறைக்குள் வந்து சேர்ந்தது. பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அதைப் போட்டுவிடுகிற எண்ணத்தோடுதான் போனேன். சத்தியமாக. வாசலில் பைக்கை நிறுத்தியதுமே உள்ளேயிருந்து, "மணிமாறன் தம்பியா? வாங்க வாங்க" என்று குரல் வந்தது. பைக் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வாசம் தெருவரைக்கும் வந்தது.

"உங்களுக்கும் சேத்துத்தான் உலை வச்சேன்" என்றார்.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பையைத் திறந்தேன். வெள்ளி உறை மேலாகவே இருந்தது. அதைப் போட்டுவிட்டால் இந்த மெஷின் இனி ஐந்து வருஷத்துக்கு என்னைக் கூப்பிடாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உறையை ஓரமாகத் தள்ளிவிட்டு ரப்பரை எடுத்தேன்.

கூப்பிடாவிட்டால் என்ன, சும்மா போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக எந்த வீட்டுக்குள் போயிருந்தாலும் அங்கே ஏதாவது கெட்டுப் போயிருந்ததால்தான் போயிருக்கிறேன். சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வாசலில் நிற்க எனக்கு வாய் வராது. சுகன்யா வீட்டு வாசலுக்கே வராத வாய் அது.

அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. பத்து நாளுக்கு ஒருமுறை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூவல் வரும். நான் போவேன், தேய்ப்பேன், சாப்பிடுவேன். சர்வீஸ் சார்ஜ் எதுவும் வாங்கமாட்டேன், அதனால் என்னைப் பெரிய யோக்கியன் என்று வேறு அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலைத் திட்டாத ஆள் திண்டுக்கல்லில் கிடையாது. நானும் திட்டினேன், ஆனால் எனக்குக் காரணம் வேறு. வெயிலில் மெஷின் குளிரவே இல்லை, முப்பத்தெட்டு நாள் கூவாமல் ஓடியது. அந்த முப்பத்தெட்டு நாளும் நான் புரோட்டா பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

சாப்பிடும்போது அவர் பேங்கின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கதைகளைச் சொல்வார். அந்தக் காலத்தில் மேனேஜர் வேறு லைனில் பேசிக்கொண்டிருந்தால் கூப்பிட்டவரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். காத்திருக்கிறவர் கோபத்தில் வைத்துவிட்டாரா, இருக்கிறாரா என்று நடுநடுவே பார்க்க வேண்டும். "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பாராம். "சில பேரு பதிலே சொல்ல மாட்டாங்க தம்பி. ஆனா இருப்பாங்க. மூச்சு கேக்கும். மூச்சு கேட்டா நான் லைனை வெட்ட மாட்டேன்."

இன்னொரு விஷயமும் அவருக்கு இருந்தது. செஸ். பார்வை இல்லாதவர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வழியாகவே விளையாடுவார்கள். எதிராளி காய் நகர்த்தினால் மெஷின் சொல்லும், இவர் பக்கத்தில் வைத்திருக்கிற ஓட்டை போட்ட பலகையில் அதே காயைப் பிடுங்கிச் செருகித் தடவிப் பார்த்து யோசிப்பார். எனக்கு செஸ்ஸில் குதிரையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஞாயிறுகளைப் பற்றி அவர் பேசும்போது குரலே மாறிவிடும். புஷ்பமேரி அம்மா போனபிறகு அவரை வாரம் தவறாமல் எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஆட்கள் அவர்கள்தான்.

ஆவணியில் அவர்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. சார் ஜெயித்து ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே பழனியிலிருந்து ஒருவர். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம். பத்தரைக்குள் வராவிட்டால் தோற்றதாகக் கணக்கு. புதன்கிழமையே என்னிடம் சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இது மக்கர் பண்ணாமப் பாத்துக்கங்க தம்பி. அறுபத்தாறு வயசுல ஒரு ஆசை, வேற ஒண்ணுமில்லை."

"பண்ணாது சார்" என்றேன்.

வெள்ளி உறை பையில்தான் இருந்தது. அன்றைக்கே போட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அதற்குப் பதிலாக என் புத்தி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. "சனிக்கிழமை ராத்திரி மெஷினை அணைக்காம விட்ருங்க சார். ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது." குளிரவிட்டால்தானே கூவும். எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு விடியற்காலை மழை அடித்தது. நாலு மணிக்கு மேட்டுப்பட்டியில் கரண்ட் போயிருக்கிறது. ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்திருக்கிறது.

நான் அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில், ஒரு காய்கறி மண்டியில் கம்ப்யூட்டரை மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். போனை மண்டிக்காரரின் அறையில் சார்ஜ் போட்டிருந்தேன். வெளியே கேரளா லாரிகளுக்கு முருங்கைக்காய்க் கட்டு ஏறிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் எனக்கு எப்படிக் கேட்கும். பதினொன்றரைக்கு மண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க போனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சுங்க" என்றார்.

ராயப்பராஜ் சார். பதினோரு தடவை. முதல் அழைப்பு ஒன்பது ஐம்பதுக்கு, கடைசி அழைப்பு பத்து பதினாறுக்கு. அதற்குப்பின் இல்லை. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் ஈரம். எனக்குப் பயமாக இருந்தது, எதற்கு என்று தெரியாமலே.

கதவு திறந்துதான் இருந்தது. "மணிமாறன் தம்பியா" என்று குரல் வரவில்லை. உள்ளே மெஷின் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டு மூடி தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் நான் கொடுத்த ரேமை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பென்சில் ரப்பர். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் வருவேன் என்று நினைத்திருக்கிறார்.

"சார்" என்றேன்.

"பத்து நாப்பதுக்கு ஏறுச்சு" என்றார். "ஆட்டம் போச்சு."

அவரே நிதானமாகச் சொன்னார். கரண்டைப் பிடுங்கியிருக்கிறார். மூடியின் திருகாணியைக் கத்தி முனையால் கழற்றியிருக்கிறார். இரண்டு ரேமையும் எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ரப்பர் வாங்கி, நான் தேய்ப்பது மாதிரியே தேய்த்துச் செருகியிருக்கிறார். கூவியிருக்கிறது. மறுபடி தேய்த்திருக்கிறார். கூவியிருக்கிறது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

"என்னோடதைத் தனியாப் போட்டேன், ஓடுச்சு. நீங்க குடுத்ததைத் தனியாப் போட்டேன், அதுவும் ஓடுச்சு. ரெண்டையும் சேத்தாத்தான் கூவுது." கைக்குட்டையைத் தொட்டார். "ரெண்டையும் இன்னிக்குத்தான் நல்லாத் தடவிப் பாத்தேன். என்னோடதுல ஒரு பக்கம்தான் கட்டி கட்டியா இருக்கு. இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சேராத சாமான். குருடன் எனக்கே விரல்ல தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். எந்த ரிப்பேர்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான், அவரும் ஒருவேளை நம்பியிருப்பார். அதைச் சொல்லாமல் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"தெரியும் போல" என்றார் சார்.

நான் பையைத் திறந்து வெள்ளி உறையை எடுத்தேன். அது சரசரத்தது.

"அது என்னது?"

"சரியான ரேம் சார்."

"இன்னிக்கு வாங்குனதா?"

"தையில வாங்குனேன்."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். தை, மாசி, பங்குனி என்று வாய்க்குள்ளேயே சொல்லி ஆவணியில் நிறுத்தினார். அப்படி எண்ணியதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"கண்ணு தெரியாதவன்தானேன்னு பஸ்ல, கடையில, எங்கெங்கயோ ஏமாத்தியிருக்காங்க தம்பி. எனக்கு அது பழக்கம்தான். ஆனா என் வீட்டுக்குள்ள உக்காந்து, எங்கூடவே சாப்ட்டுக்கிட்டு யாரும் பண்ணலை."

"ஏமாத்தணும்னு பண்ணலை சார்."

"பின்ன எதுக்கு?"

பைக் சத்தம் கேட்டு ஒருவர் என் பெயரைச் சொல்கிற வீடு இந்த ஊரில் இது ஒன்றுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதெல்லாம் அப்புறம் ரூமில் படுத்துக்கொண்டு யோசித்தது. அன்றைக்கு, "சாப்பாட்டுக்கு சார்" என்று மட்டும் வாயில் வந்தது. அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது.

"சாப்பாட்டுக்கு" என்று அவர் திருப்பிச் சொன்னார். கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "போட்டுட்டுப் போங்க" என்றார்.

கரண்டைப் பிடுங்கி, சரியான ரேமைச் செருகினேன். இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக் என்று விழுந்தது. மெஷின் ஒரே ஒரு குட்டி பீப் கொடுத்துவிட்டு அழகாக ஏறியது. மூடியைத் திருகினேன். நான் முதலில் போட்ட சேராத ரேமைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் சாப்டீங்களா என்று கேட்கவில்லை. வாசல் வரை வந்து, நான் இறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அதன்பிறகு அந்த மெஷின் கெடவே இல்லை. என் தொழிலில் நான் செய்த ஆக நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன். புரட்டாசி போனது. ஐப்பசி மழை போனது. கார்த்திகையில் குளிர் இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். காலையில் போன் அடித்தால் கை தாவும். "ஒண்ணுமே பண்ணலை சார், தானா நின்னுபோச்சு" என்று வேறு எவனாவது இருப்பான். அவன்மேல் எரிந்து விழுவேன். சேராத அந்த ரேமை டிராயரில் போட மனசு வராமல் மேசை மேலேயே வைத்திருந்தேன். அது கடையில் வேறொரு மெஷினில் நன்றாகவே ஓடும். இருந்தாலும் யாருக்கும் போடவில்லை.

மார்கழியில் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போகாமல் மேட்டுப்பட்டிக்குப் போனேன். கருவிப் பையை எடுக்கவில்லை. தோளில் அது இல்லாமல் நடப்பது சட்டை போடாமல் நடப்பது மாதிரி இருந்தது. பைக்கைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டேன். சத்தத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்காமல் இருந்துவிடுவாரோ என்று பயம். வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியது. சார் வீட்டில் இல்லை.

கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"மணிமாறன் சார்."

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. பிறகு, "மெஷின் நல்லாத்தானே ஓடுது" என்றார்.

"தெரியும் சார்."

"பின்ன என்ன?"

இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத வார்த்தை. சொன்னேன். "சும்மா வந்தேன் சார்."

"எனக்கு ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது" என்றார். காலடிச் சத்தம் உள்ளே போனது. கதவு திறக்கவில்லை.

நான் போயிருக்க வேண்டும். போக்கிடம் இருந்தால் போயிருப்பேன். வாசல் படியிலேயே உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மெஷின் பேசுவது கேட்டது. எஃப் மூன்று, குதிரை என்றது. பலகையில் காயைப் பிடுங்கிச் செருகுகிற சின்னச் சத்தம். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மெஷின் எதையோ சொன்னது. சார் சிரித்தார். எதிரே விளையாடுகிற ஆள் எந்த ஊரோ, என்ன பேரோ, அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சர்ச்சிலிருந்து பூசை முடிந்து வந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு அம்மா, "சார் உள்ள இருக்காரே, தட்டுனீங்களா?" என்று கேட்டார். தட்டினேன் என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெயில் படிக்கு வந்துவிட்டது. உள்ளே பேச்சு நின்றது. காய்களைப் பெட்டியில் போடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அடுப்படிப் பக்கம் போன காலடி பாதியில் நின்று, திரும்பி ஜன்னலுக்கு வந்தது. என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் அசையவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"லைன்ல இருக்கீங்களா தம்பி?" என்றார்.

"இருக்கேன் சார்" என்றேன்.